குளிருக்கு உள்ளே எடுத்த மிதக்கும் செடிகளை எப்ப திரும்பக் குளத்தில விடுறது?

கிட்டங்கிக்காரன் (ஸ்காபுறோ)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மொக்கு வேலை செய்துபோட்டு வந்து கேட்கிறன், பேசினாலும் பரவாயில்லை.

இஞ்ச கனடாவில, வீட்டுக்குப் பின்னால போன வருசம் ஒரு சின்னக் குளம் வெட்டினன். எட்டடி நீளம், ஐஞ்சடி அகலம், நடுவில மூண்டடி ஆழம், கறுப்பு ரப்பர் விரிப்புப் போட்டது. ரெண்டாயிரத்து ஐந்நூறு லீற்றர் அளவில தண்ணி பிடிக்கும். ஆறு கோல்ட்ஃபிஷ். போன யூன் மாசம் நர்சரியில ஆற்றுவாழை (வோட்டர் ஹையசிந்த்) மூண்டு கண்டும் வோட்டர் லெற்றஸ் மூண்டு கண்டும் வாங்கிப் போட்டன். கண்டு ஒண்டு ஆறு டொலர். ஓகஸ்ட் முடியேக்க குளம் இருந்த இடம் தெரியேல்லை, அப்பிடி மூடிப்போட்டுது.

ஆற்றுவாழை எண்டா எங்கட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில அம்பாறைப் பக்கம், கிட்டங்கித் தாம்போதியால சைக்கிள் மிதிச்சுப் பள்ளிக்குடம் போன ஆள் நான். மழை காலத்தில அது வந்து அடைச்சு, தண்ணி ரோட்டுக்கு மேலால போகும். அந்தச் சனியனைக் காசு குடுத்து வாங்கினது மட்டுமில்லை, ஒக்டோபரில எறிய மனம் வராம பேஸ்மென்ற்றுக்குள்ள கொண்டுபோய், ரெண்டு பிளாஸ்ரிக் தொட்டியில விட்டு, எல்ஈடி லைற் 14 மணித்தியாலம், மீன்தொட்டி ஹீற்றர் எல்லாம் போட்டு வளர்த்தன். அம்மா வட்ஸ்அப்பில பாத்துப்போட்டுச் சிரிச்சா. "இஞ்ச பெக்கோ மெசின் விட்டு அள்ளுறாங்கள், நீ அதுக்கு லைற் போட்டுத் தாலாட்டுறாய் என்ன மனே?" எண்டா. மனிசி கரண்ட் பில்லைப் பாத்துச் சிரிக்கேல்லை.

ஆனா ஏப்ரலுக்கு ஒம்பது ஆற்றுவாழையும் பதினாலு லெற்றஸும் தப்பி வந்திட்டுது.

இனித்தான் கதை. ஏப்ரல் கடைசியில மூண்டு நாள் 22 பாகை வெயில். அயலவன் காற்சட்டையோட புல்லு வெட்டுறான். குளத்துத் தண்ணியும் பச்சை பிடிக்கத் துவங்கினது, நிழல் விழுந்தா அடங்கும் எண்டு நினைச்சு ஒம்பது ஆற்றுவாழையையும் ஏழு லெற்றஸையும் வெளியில விட்டன். ஐஞ்சாம் இரவு வானம் துடைச்ச மாதிரி இருந்தது. போனில 3 பாகை எண்டு காட்டினது. சைபருக்கு மேலதானே எண்டு படுத்திட்டன்.

விடியப் பாத்தா அவிச்ச கீரை. ஆற்றுவாழைக் காம்பு ஊதின பலூன் மாதிரி இருக்குமே, அமத்தினா விரலைத் திருப்பித் தள்ளும். இப்ப அமத்தினா கறுப்புத் தண்ணி வடியுது. லெற்றஸ் கண்ணாடி மாதிரி ஆகி, மத்தியானத்துக்குள்ள மண்ணிறம். ஆனா ஒரு விசயம்: சீடர் மர வேலிப்பக்கம் கொப்புக்குக் கீழ ஒதுங்கிக் கிடந்த மூண்டு ஆற்றுவாழைக்கு நுனிதான் கருகினது. அதே குளம், அதே இரவு.

குளத்தில பனி கட்டவுமில்லை. பிறகு எப்பிடிச் செத்தது? மிச்சம் உள்ள ஏழு லெற்றஸையும் கருகினதுகளையும் எப்ப விடலாம்? திகதி சொன்னா நல்லம்.

*

தொட்டித்தோட்டம் (ஒட்டாவா)

அண்ணா, படிக்கும்போதே பாவமா இருந்துச்சு. திகதிதான் வேணும்னா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: மே மாசக் கடைசிப் பக்கம் வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வரைக்கும் எதையும் வெளிய வைக்காதீங்க. மொளகாய் நாத்து, கறிவேப்பிலைத் தொட்டி, மல்லி எல்லாமே எனக்கு அன்னிக்குத்தான் வெளிய போகும். மிதக்கற செடிக்கு நான் இன்னும் ரெண்டு வாரம் சேத்துக்குவேன். ஒட்டாவா உங்க ஊரைவிடக் குளிர், அதனால எனக்கு ஜூன் முதல் வாரம்.

அப்புறம் நீங்க ஆற்றுவாழைன்னதும் முதல்ல புரியல. எங்க மதுரைப் பக்கம் அது ஆகாயத்தாமரை. புத்தகத்துல வெங்காயத்தாமரைன்னு போடுவாங்க, லெட்டூஸைத்தான் ஆகாயத்தாமரைன்னு போடுவாங்க. ஊர்ல யாரும் அப்படிப் பிரிச்சுப் பாக்கறதில்ல, கண்மாயை மூடுச்சுன்னா எல்லாம் ஆகாயத்தாமரை.

*

வல்லைவெளி (மார்க்கம்)

தம்பி, பதினொரு வருசமா இந்தக் கூத்து ஆடுறன். நானும் முதல் வருசம் உங்களை மாதிரித்தான், ஏப்ரல் வெயிலுக்குப் பல்லைக் காட்டி எல்லாத்தையும் பறிகுடுத்தனான். அதுக்குப் பிறகுதான் கொப்பி ஒண்டு போட்டு எழுதத் துவங்கினது.

முதல் உங்கட 3 பாகைக்கு வருவம். போனில வாற வெப்பநிலை ஆள் உயரத்தில, வெள்ளைப் பெட்டிக்குள்ள நிழலில வைச்சு அளக்கிறது, அதுவும் விமான நிலையம் மாதிரி ஒரு இடத்தில. காத்து இல்லாத, முகில் இல்லாத இரவில நிலத்துக்குக் கிட்ட அதைவிடக் குளிர். வானத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிற இலை தன்ர சூட்டை மேல விட்டுவிட்டுச் சுத்தியிருக்கிற காத்தைவிடவும் குளிரும். போன் 3 எண்டு காட்டேக்க இலை சைபருக்குக் கீழ போயிருக்கும். காம்பு உறைஞ்சு வெடிச்சிட்டுது, கறுப்புத் தண்ணி வடிஞ்சது அதாலதான். சீடர் கொப்புக்குக் கீழ கிடந்ததுக்கு வானம் தெரியேல்லை, கொப்பு போர்வை மாதிரி மறைச்சிட்டுது. அதுதான் அந்த மூண்டும் தப்பினது. ஊரில கூதிர்ப் பனிக்கு திறந்த முத்தத்தில படுக்கிறவன் நடுங்குறான், மாமரத்துக்குக் கீழ படுக்கிறவன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறான், அதே கணக்கு.

தண்ணி உறையேல்லை எண்டது சரி. ரெண்டாயிரத்து ஐந்நூறு லீற்றர் ஒரு இரவில உறையாது. அந்தப் பாரந்தான் உங்களுக்குத் துரோகமும் செய்யுது. மெதுவாக் குளிருறது மெதுவாத்தான் சூடாகும். என்ர குளத்தில காலமை ஏழு மணிக்கு, முழங்கை அளவு ஆழத்தில வைச்சு எழுதினது: ஏப்ரல் கடைசியில 8, 9. மே நடுவில 12, 13. விக்டோரியா டே நேரம் 14, 15. யூன் முதல் கிழமை தாண்டினாத்தான் 17, 18. வருசத்துக்கு வருசம் ஒரு கிழமை முன்ன பின்ன ஆகும்.

தங்கச்சி விக்டோரியா டே எண்டு சொன்னது தக்காளிக்கும் மிளகாய்க்கும் சரி. அந்த நாளே மே 18 க்கும் 24 க்கும் இடையில ஓடித்திரியிற நாள், 25 க்கு முதல் வாற திங்கள். அது மண்ணுக்கும் பனிக்கும் பாத்த கணக்கு. இந்தச் செடிக்குக் கால் தண்ணிக்குள்ள. அதனால ரெண்டு இடத்தில பாக்க வேணும்: இரவுக் காத்து 10 க்குக் கீழ போகக் கூடாது, காலமைத் தண்ணி மூண்டு நாள் தொடர்ந்து 16 க்குக் குறையாம நிக்க வேணும். லெற்றஸ் இன்னும் செல்லப்பிள்ளை, அதுக்கு 18 காணும் வரை நான் விடுறேல்லை. ரெண்டும் ஒண்டா வராட்டி, வராததுக்காகக் காத்திருங்கோ.

பின்னேரம் நாலு மணிக்கு மேல்தண்ணியைத் தொட்டுப் பாத்து ஏமாறாதையுங்கோ. ஒரு நாள் சும்மா பாத்தனான்: மேல 21, முழங்கை ஆழத்தில 13. மேல்தண்ணி சொல்லுறது பகல் பொய்.

பச்சைத் தண்ணிக்குப் பயந்துதானே அவசரப்பட்டனீங்கள். வசந்தத்தில அந்தப் பாசி குளிருக்கே வளரும். போன மாரியில விழுந்து ஊறின இலைதான் அதுக்குச் சாப்பாடு. 10 பாகைத் தண்ணியில ஆற்றுவாழை சும்மா குந்தியிருக்கும், வேரும் இழுக்காது, நிழலும் தராது, மஞ்சளாகி அழுகும். அழுகினா பாசிக்கு இன்னொரு சாப்பாடு. அதைவிட அடியில கிடக்கிற இலைச் சேத்தை வலையால அள்ளுங்கோ. தண்ணி 10 தாண்டும் மட்டும் மீனுக்கும் சாப்பாடு போடாதையுங்கோ.

ஒரு வருசம் பரீட்சை மாதிரிச் செய்து பாத்தன். நாலு கண்டு மே 12 இல வெளியில, நாலு கண்டு யூன் 5 இல. யூலை 1, கனடா டே அண்டைக்குப் பாத்தா பிந்தி விட்டதுதான் பெருசு. முந்தி விட்டதுக்கு ஒரு குட்டியும் இல்லை, பிந்தி விட்டது ஒவ்வொண்டும் மூண்டு குட்டி. 25 பாகை தாண்டின தண்ணியில இது பத்துப் பதினைஞ்சு நாளில ரெட்டிப்பாகும். மே மாசம் மூண்டு கிழமை பொறுத்ததால ஒண்டும் குறையாது.

கருகினதை எறியாதையுங்கோ. கூழ் இலை எல்லாத்தையும் கத்தரிக்கோலால வெட்டிப்போட்டு, நடுக் குருத்தை ரெண்டு விரலால அமத்திப் பாருங்கோ. கல்லு மாதிரி இருந்து, உள்ள வெள்ளை கலந்த பச்சை தெரிஞ்சா உயிர் இருக்குது. நசிஞ்சா முடிஞ்சுது. உயிருள்ளதைப் பேஸ்மென்ற் தொட்டிக்குத் திருப்புங்கோ. தொட்டி அடியில ரெண்டு அங்குலம் தோட்டத்து மண் போட்டு, வேர் மண்ணைத் தொடுற அளவுக்குத் தண்ணியைக் குறையுங்கோ. வெறும் தண்ணியில மிதக்க விட்டா மஞ்சளாகும், மண் தொட்டா நிண்டு பிடிக்கும். மாரி முழுக்க நான் அப்பிடித்தான் வைக்கிறன், ஹீற்றர் கூட இல்லை.

*

ரைன்கரை (கொலோன்)

உங்கட கதையைப் பாத்துப் பெருமூச்சு விடுறன். இஞ்ச ஜேர்மனியில இந்தக் கேள்வியே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில ஆற்றுவாழையை 2016 ஓகஸ்டில இருந்து விக்கவும் வளர்க்கவும் ஏலாது. வோட்டர் லெற்றஸையும் 2022 இல பட்டியலில சேர்த்து, 2024 ஓகஸ்டில இருந்து அதுவும் தடை. என்ர பல்கனித் தொட்டியில இருந்த லெற்றஸைக் கடைசியா ஒரு சாக்குப் பையில கட்டிக் குப்பையில போட்டன். இவ்வளவுக்கும் இந்த ஊர்க் குளிரில அது வெளியில ஒரு மாரி தாங்காது. ஆனா தெற்கில ஸ்பெயின், போர்த்துக்கல் ஆறுகளை ஆற்றுவாழை மூடினதுதான் காரணம், சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே.

இலங்கையில இதுக்கெண்டே 1909 இல ஒரு சட்டம் போட்டவங்கள் எண்டது தெரியுமோ? வெள்ளைக்காரன் காலத்திலயே. அப்பிடியிருந்தும் கிட்டங்கியில பெக்கோ ஓடுது.

*

கிட்டங்கிக்காரன் (ஸ்காபுறோ)

அண்ணை, நன்றி. வெட்டிப் பாத்தன். ஒம்பதில வேலியோர மூண்டும் கல்லு மாதிரி. மற்ற ஆறில ரெண்டுக்குக் குருத்து இறுக்கமா இருக்கு, நாலு நசிஞ்சுபோச்சு. லெற்றஸ் ஏழும் போச்சு. ஐஞ்சையும் மண் போட்ட தொட்டியில விட்டிருக்கன். மீன்தொட்டித் தேர்மோமீற்றரைக் கயித்தில கட்டிக் குளத்துக்குள்ள இறக்கினன். இண்டைக்குக் காலமை 11. வாயை மூடிக்கொண்டு உள்ள வந்திட்டன்.

ரெண்டு சந்தேகம். பேஸ்மென்ற் லைற்றில இருந்து நேர வெயிலுக்குக் கொண்டுபோகலாமோ? மற்றது, போன வருசம் மீன் வேரை மொட்டையாத் திண்டுபோட்டுது. மாரி முடிஞ்சு பசியோட நிக்கிறதுகள், விட்ட உடனே பாயும் போல.

*

வல்லைவெளி (மார்க்கம்)

நேர வெயிலுக்கு விட்டா இலை வெள்ளையாப் போய்க் காய்ஞ்சிடும். எல்ஈடி எவ்வளவு வெளிச்சமா உங்களுக்குத் தெரிஞ்சாலும் மே மாச மத்தியான வெயிலுக்குக் கிட்டவும் வராது. தொட்டியோடயே தூக்கி வீட்டுக்கு வடக்குப் பக்கம் வையுங்கோ. பகலில வெளியில, இரவு கராஜுக்குள்ள. நாலு நாளுக்குப் பிறகு காலமை வெயில் மட்டும் படுற இடம். நான் பழைய சாரம் (லுங்கி) ஒண்டை நாலு தடியில கட்டி மேல விரிப்பன். அயலட்டைச் சனம் என்ன நினைக்குதோ தெரியாது, செடிக்கு நல்ல நிழல். ஒரு கிழமை போதும். பழைய இலை எப்பிடியும் கொஞ்சம் கருகும், அதைப் பாத்துத் திரும்ப உள்ள கொண்டு ஓடாதையுங்கோ. வெளியில வந்து விடுற புது இலையைத்தான் பாக்க வேணும்.

வெளியில வைக்க முதல் இலையைப் பிரட்டிப் பாருங்கோ. பேஸ்மென்ற்றில இருந்து வாறதில அசுவினிப் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும். மருந்து அடிக்காதையுங்கோ, மீன் இருக்கு. வாளித் தண்ணிக்குள்ள தலைகீழா முக்கி அலசினா மிதந்து வரும்.

மீனுக்கு: உடுப்புப் போடுற பிளாஸ்ரிக் கூடை, பக்கம் எல்லாம் ஓட்டை உள்ளது. அதைச் சுத்தி நீச்சல் குளத்து நுரைத்தடியைக் கட்டினா மிதக்கும். செடியை அதுக்குள்ள விடுங்கோ. வேர் ஒரு சாண் நீளம் வந்த பிறகு திறந்து விடலாம், அப்ப மீன் கடிச்சாலும் ஈடுகுடுக்கும்.

ஒண்டு மறந்திட்டன். குளத்தில தண்ணி குறைஞ்சிருந்தா செடி விடுற அண்டைக்கு பைப் தண்ணி நிரப்பாதையுங்கோ. மே மாசத்தில அது ஏரித் தண்ணி, பச்சைக் குளிர். ரொறன்ரோவில குளோரினோட அமோனியாவும் சேர்த்துக் குளோரமின் ஆக்கித்தான் விடுகினம். ஊரில மாதிரி ஒரு இரவு வாளியில வைச்சாப் போகாது. வளர்ப்பு மீன் கடையில விக்கிற, குளோரமினை முறிக்கிற மருந்து ஊத்த வேணும்.

*

தொட்டித்தோட்டம் (ஒட்டாவா)

சாரம் கட்டற ஐடியா சூப்பர் ஐயா. எங்க வீட்டுல பழைய வேட்டி ரெண்டு இருக்கு.

ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன், அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க. வருஷக் கடைசில மிச்சம் ஆகற செடியைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஓடையில விட்டுடாதீங்க. குளிர்ல செத்துடும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. இங்க ஒட்டாவால 1932ல ஒரு ஆராய்ச்சிப் பண்ணைத் தோட்டத்துல அழகுக்குன்னு ஐரோப்பாவுல இருந்து ஃப்ராக்பிட்னு ஒரு மிதக்கற செடி கொண்டுவந்து விட்டாங்க. 1939ல அது ரிடோ கால்வாய்க்குள்ள வந்துடுச்சு. அதுக்குக் குளிரெல்லாம் கணக்கே இல்ல, இலையுதிர்காலத்துல மொட்டு மாதிரி ஒண்ணு விட்டு அடில போய் உக்காந்துக்கும், வசந்தத்துல மேல வந்துடும். இன்னிக்கும் கால்வாய்ல படகு விடறவங்க துடுப்புல சுத்திக்குது. நான் மிச்சத்தைக் காய வெச்சு உரக்குழில போட்டுடறேன். கத்தரிக்காய்க்கு அருமையா இருக்கு.

*

கிட்டங்கிக்காரன் (ஸ்காபுறோ)

யூன் 9. என்ன நடந்தது எண்டு வந்து சொல்லுறன்.

விக்டோரியா டே அண்டைக்குக் கை துறுதுறுத்தது. வெளியில 24 பாகை, அயலவன் பார்பிக்யூ போடுறான். கயித்தை இழுத்துப் பாத்தா 14. அண்ணை எழுதின அதே எண். திரும்ப இறக்கிப்போட்டு இறைச்சி திண்ணப் போனன்.

மே 27 இல இருந்து தொட்டி வெளியில. சாரம் இல்லாததால மனிசியின்ர பழைய சீலை, ஊதாப் பூப் போட்டது. ஆற்றுவாழைப் பூவும் அந்த நிறந்தான். யூன் 4, 5, 6 காலமை முறையே 16, 17, 17. ஏழாம் திகதி ஆற்றுவாழை ஐஞ்சையும் கூடைக்குள்ள விட்டன். லெற்றஸ் இன்னும் தொட்டிக்குள்ள, 18 க்குக் காத்துக்கொண்டு.

செத்துப்போச்சு எண்டு நினைச்ச ரெண்டில ஒண்டு மண்ணுக்குள்ள இருக்கேக்கயே துளிர்த்திட்டுது. முதல் இலை சுண்டுவிரல் நகம் அளவு, சுருட்டின பீடி மாதிரி வந்து ஒரு இரவில விரிஞ்சது. இப்ப நாலு இலை. காம்பு இன்னும் ஊதேல்லை, ஒல்லியா நிக்குது. மற்றது அப்பிடியே இருக்கு, பச்சையும் இல்லை, அழுகலும் இல்லை. எறிய மனம் வரேல்லை.

இலைச் சேறு ரெண்டு வாளி அள்ளினன். தண்ணி இன்னும் பச்சைதான், ஆனா குளத்துக்குள்ள மூண்டாம் படியில கிடக்கிற கல்லு இப்ப தெரியுது. மீன் கூடையைச் சுத்திச் சுத்தி வருது, ஓட்டைக்குள்ளால வாய் வைச்சுப் பாக்குது.

அம்மாவுக்குப் படம் அனுப்பினன். நாலு இலையைப் பாத்துப்போட்டு, "இதுக்கோ மனே ஏழு மாசம்?" எண்டு கேட்டா. பிறகு, பூத்தா அனுப்பச் சொன்னா.

ஓகஸ்டில மேலதிகமா வரும், ஸ்காபுறோ, மார்க்கம் பக்கம் குளம் வைச்சிருக்கிற ஆக்கள் வாளியோட வாங்கோ. ஒட்டாவாத் தங்கச்சி, அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியில பக்கக் கண்டு ஏதும் வெடிச்சிருந்தா மாத்துக்கு மாத்து.